ஐ.டி. பாலிசிக்கு நாமினி யார்?

அந்த அம்மாள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. உண்மையை முழுசாகச் சொல்லியும் கேட்டதில்லை. பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். மீதியை நாமாக நிரப்பிக்கொண்டு போய்க் குழியில் விழுவோம். எழுந்து வந்து, "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று சண்டைக்கு நின்றால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நான் அப்படிச் சொன்னேனா?" என்பார். யோசித்துப் பார்த்தால் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் எரிச்சல்.

இப்போதெல்லாம் கைப்பேசியில் எதையாவது இறக்கும்போது, 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம் வருகிறதே, அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் முகம் வந்துவிடுகிறது. நானும் படிக்காமல்தான் தொடுகிறேன். ஆனால் பயந்துகொண்டே தொடுகிறேன்.

புதுச்சேரியில், மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் எங்கள் கம்பெனி இருந்தது. ஊதுபத்தி, வாசனை மெழுகுவர்த்தி, எல்லாம் பிரான்சுக்குப் போகும். நான் டாக்குமெண்ட் செக்‌ஷன். சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்னால் காகிதம் ஏற வேண்டும். அந்தக் காகிதங்களை அடிப்பவன். அந்த அம்மாள் சிஸ்டம். கம்ப்யூட்டர், மெயில், நெட்வொர்க், அவற்றை யார் எப்படித் தொடலாம், தொடக்கூடாது என்ற சட்டதிட்டம் எல்லாம் அவர் கையில். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிஸ்டம் மேடம்' என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கழுத்தில் சின்னச் சிலுவை, கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒரு பழைய ஸ்கூட்டி. காலையில் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கி வீட்டில் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அந்த மீன் பித்து ஆபீசுக்குள்ளும் வந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க்கில் ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். அவர் மீன் பெயர்களாக வைத்து, ஸ்டிக்கரும் அடித்து ஒட்டிவிட்டார். மீசைக்கார அக்கவுண்டன்ட் சாரின் மெஷின் கெளுத்தி. முதலாளியின் மெஷின் சுறா. ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த என்னுடையது நெத்திலி. கொஞ்ச நாளில் மெஷின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. "நெத்திலி, உன் பிரிண்டர் கத்துது பார்" என்பார், ஊருக்கே கேட்கிற மாதிரி.

முதலாளியின் மச்சான்தான் எங்கள் ஜி.எம். எதற்கெடுத்தாலும் முகம் உப்பிப்போகும் மனிதர். மீனைத் தட்டில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர். அவர் மெஷினுக்கு மேடம் 'பேத்தை' என்று பெயர் வைத்தார்.

"பேத்தைன்னா என்ன மீன் அது?" என்று ஜி.எம். கேட்டார்.

"அது பக்கத்துல எந்த மீனும் வராது சார். வலையில மாட்டினாக்கூட ஆளுங்க தொட யோசிப்பாங்க."

"நல்லா இருக்கே!" என்றார் ஜி.எம். அந்த ஸ்டிக்கரை மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டச் சொன்னார். வலையில் ஏறியதும் பந்து மாதிரி உப்பிக்கொண்டு கிடக்கும் விஷ மீன் அது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்களுக்கு அன்று முழுக்க இருமல்.

பாலிசி கதைக்கு வருகிறேன்.

அது மார்ச் மாதம். சம்பளத்தில் வரி பிடிக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் எதையாவது வாங்கி அதைக் குறைக்க முடியுமா என்று அலையும் மாதம். அந்தக் காலத்தில் நம் ஆபீஸ்களில் ஐ.டி. என்றால் இன்கம் டாக்ஸ். பாலிசி என்றால் இன்ஷூரன்ஸ். அந்த இரண்டு எழுத்துக்குக் கம்ப்யூட்டர் என்று அர்த்தம் சொல்கிறவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு மாதத்தில், மேடம் கட்டுக்கட்டாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"ஐ.டி. பாலிசி வந்திருக்கு. இந்த மாசத்துக்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போடணும். போடாதவங்களுக்குத்தான் நஷ்டம்."

அக்கவுண்டன்ட் சாருக்கு முகம் செத்துவிட்டது. அவர் சம்சாரம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ஆபீஸில் எங்கள் எல்லோர் தலையிலும் ஒன்று கட்டியவர். ஓடிப் போய் மேடத்திடம் குரலைத் தாழ்த்தினார்.

"என்னா மேடம் இது, என் வூட்டுக்காரி பொழப்புல மண்ணப் போடுறீங்களே!"

"உங்க வீட்டம்மா விக்கறத நான் விக்கல சார். இதுல பிரீமியமே கெடயாது."

பிரீமியமே கிடையாது என்ற சொல் கூடத்தில் பரவிய வேகம் இருக்கிறதே! அக்கவுண்டன்ட் சாரே வரிசையில் முதலில் நின்றார். பேக்கிங் செக்‌ஷனில் கம்ப்யூட்டரையே தொடாத இரண்டு பேர் வந்து, "எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று தகராறு செய்து கையெழுத்துப் போட்டார்கள்.

முதலாளி பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். எங்களுக்கெல்லாம் அவர் முசியே. அவரிடம் காகிதம் போனபோது நான் பக்கத்தில் இருந்தேன். மேடம் "பாலிசி" என்றதும் அவர் நிமிர்ந்து, "போலீஸா? இங்க போலீஸ் எதுக்கு?" என்றார். "இல்ல முசியே, இன்ஷூரன்ஸ் மாதிரி வருமே, அது" என்று நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். "ஆ! போலீஸ் தசுரான்ஸ்!" என்று முகம் மலர்ந்தார். பிரெஞ்சில் இன்ஷூரன்ஸ் பாலிசிக்கும் போலீஸ் என்றுதான் பெயராம். "பியேன், பியேன், நல்லது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மேடம் என்னையும் திருத்தவில்லை, அவரையும் திருத்தவில்லை. வலது கன்னத்தில் மட்டும் லேசாக ஒரு குழி விழுந்து மறைந்தது. அவருக்கு அதுதான் சிரிப்பு.

கடைசிப் பக்கத்தில் மட்டும் தமிழில் ஒரு கோடு இருந்தது: 'நான் இல்லாதபோது பொறுப்பாளர்.' ஒருவர் லீவு போட்டால், அவர் மெஷினுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் பொறுப்பு என்பதற்காக மேடம் வைத்த கோடு. நாங்கள் அதைப் படித்த விதம் வேறு. நான் இல்லாதபோது என்றால்? செத்துப்போனால்! பொறுப்பாளர் என்றால்? நாமினி! ஆளாளுக்குச் சம்சாரம் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் 'மனைவி' என்றும் போட்டார்கள். சிலர் வீட்டுக்கு எடுத்துப்போய் சம்சாரத்தின் கையெழுத்தையும் வாங்கி வந்தார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அம்மா பெயரை எழுதினேன். அம்மா வில்லியனூர் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "எனக்கு எதுக்குடா, நீ நல்லா இருந்தா போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் வரி குறையவில்லை. என் கம்ப்யூட்டரில் பாட்டு நின்றது. சி.டி. போட்டால் துப்பியது. கண்ட இணையதளம் எதுவும் திறக்கவில்லை. அந்தக் காகிதக் கட்டு கம்ப்யூட்டருக்கான சட்டதிட்டம் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"வரி கொறையும்னு சொன்னீங்களே மேடம்!" என்று அக்கவுண்டன்ட் சார் பொங்கினார்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

சொல்லவில்லை. இருபது பக்கத்துக்கு மேல் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றுகூடச் சொல்லியிருந்தார். யார் கேட்டார்கள்?

சட்டம் போடுகிறவர்கள் என்றால் கத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் கத்தவே மாட்டார். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைப்பது எங்கள் வழக்கம். ஒட்டாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் நோட்டீஸ் போர்டில் ஒரு வரி இருந்தது: 'பாஸ்வேர்டை வெளியே ஒட்டி உதவியவர்களுக்கு நன்றி. சிஸ்டம்.' அவ்வளவுதான். என்ன உதவி, எதற்கு நன்றி, எதைப் பார்த்தார், ஒன்றும் தெரியாது. காபி வருவதற்குள் கூடத்தில் ஒரு சீட்டு இல்லை.

வஞ்சிரம் கதை இன்னும் மோசம். அக்கவுண்டன்ட் சார் காலையில் மலிவாக மீன் கிடைத்தால் வாங்கிவந்து, சாயங்காலம் வரை கெடாமல் இருக்க சர்வர் அறையில் வைப்பார். ஆபீஸில் ஏ.சி. போட்ட அறை முசியேவுடையது, அதை விட்டால் சர்வருடையதுதான். அன்று நல்ல வஞ்சிரம், முழுசாக. மாலையில் எடுக்கப்போனால் பை மேல் ஸ்டிக்கர்! கம்பெனி சொத்து, சொத்து எண், வகை: வஞ்சிரம்.

"மேடம், இது என் மீனு!"

"சர்வர் ரூம்ல இருக்கற பொருள் எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டணும் சார். பாலிசில இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வெளிய எடுத்துட்டுப் போகணும்னா கேட் பாஸ் வேணும்."

"சரி, குடுங்க கேட் பாஸ்!"

"என்ன காரணம் போடட்டும்? பழுது பாக்கவா, கழிவா?"

மீனைப் பழுது பார்க்க முடியாது என்பது வரைக்கும் அவருக்கு நிதானம் இருந்தது. கழிவு என்றார். அங்கேதான் மாட்டினார். கழிவாகப் போகும் கம்பெனிச் சொத்தை யாரும் திரும்பப் பயன்படுத்தாதபடி துண்டு துண்டாக்கிய பிறகுதான் வெளியே விட வேண்டும் என்று பாலிசியில் இருந்தது. பழைய ஹார்டு டிஸ்க்குக்காக எழுதிய விதி. மேடம் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். பின்கட்டில் குழாயடியில் வைத்து வஞ்சிரத்தைச் செதில் எடுத்து, கழுவி, துண்டு போட்டு, கேட் பாஸோடு கொடுத்தார்கள். கோபத்தில் வேட்டி தடுக்கிக்கொண்டு போனார் மனிதர். மறுநாள் வந்து, "வூட்டுல வேல மிச்சம்னு அவளுக்கு ஒரே சந்தோஷம்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் அதற்கப்புறம் அந்த அறைக்குள் ஒரு நெத்திலிகூட நுழையவில்லை. என்னையும் சேர்த்து.

என் முறையும் வந்தது. காய்ச்சல் என்று போன் செய்துவிட்டு, சிநேகிதர்களோடு நோணாங்குப்பத்தில் படகேறிப் போய்விட்டேன். அன்று பார்த்து ஒரு கன்டெய்னருக்கு என் மெஷினில் இருந்த காகிதம் அவசரமாகத் தேவைப்பட்டதாம். மேடம் பாலிசியைப் புரட்டி, பொறுப்பாளர் யார் என்று பார்த்து, எங்கள் வீட்டுக்கு போன் போட்டார். "உங்க பையன் இன்னிக்கு இல்ல. அவர் கம்ப்யூட்டருக்கு நீங்கதாம்மா பொறுப்பு."

அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்தவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டு மேல் முந்தானையை விரித்துப் போட்டு, "எம்மவன் வர்ற வரைக்கும் இத எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டாளாம். ஜி.எம். வந்து அதட்டியதற்கு, "நீ யாருப்பா? நாந்தான் கையெழுத்து போட்டவ" என்றாளாம். கடைசியில் சரக்கு அடுத்த கப்பலுக்குத்தான் போனது. மேடம் அம்மாவுக்கு டீயும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துச் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். உப்புக் காற்றில் கறுத்து நான் வீடு திரும்பினால், அம்மா கேட்டாள்: "காச்சலு எறங்கிடுச்சா ராசா?"

அன்றோடு அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள். வாரம் தவறாமல் என் கையில் முருங்கைக்காய்க் கட்டு, "சிஸ்டம் மேடத்துக்குக் குடு" என்று. அதை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போன கொடுமையை என்னவென்று சொல்ல!

இதுவரை சிரிப்பு. ஜி.எம். எங்களைப் படுத்திய பாட்டில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கடலூர் சாலையில் எங்களைப் போலவே வாசனைப் பொருள் ஏற்றுமதி செய்ய ஒரு புதுக் கம்பெனி வந்தது. எங்கள் ஆட்களை இழுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பேக்கிங் சூப்பர்வைசர் ஒருவர் தன் பயோடேட்டாவை ஜெராக்ஸ் மெஷினில் மறந்துவிட்டுப் போய், அன்று மதியமே வேலையை இழந்தார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்று கெஞ்சியதை நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

பார்த்த நான் என்ன செய்தேன்? அதற்கு முந்தைய வாரமே என் பயோடேட்டாவை அதே புதுக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தேன். ஆபீஸ் மெயிலிலிருந்து. வீட்டில் அப்பா இல்லை. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஜி.எம்.முக்குக் கீழே இனி முடியாது என்ற வெறுப்பில், மூளையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்த காரியம்.

அடுத்த வாரம் ஜி.எம். கூடத்துக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி மேடத்திடம் சொன்னார். "யார் யார் அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். ஒருத்தன விட மாட்டேன்."

நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"பாக்கலாம் சார்" என்றார் மேடம், ரொம்பச் சாதாரணமாக. "பாலிசில இடம் இருக்கு. முசியே முன்னாடிதான் திறக்கணும். ஒருத்தருத மட்டும் திறக்க முடியாது, எல்லாருதும் திறக்கணும். எழுதிக் குடுங்க."

"எல்லாருதும்தான்!"

"எல்லாருதும்னா எல்லாருதும் சார். சரிங்களா?"

"அதான் சொல்றேனே!" என்று நின்றபடியே எழுதிக் கொடுத்தார் ஜி.எம்.

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேடம் மேஜைப் பக்கம் போனேன். "மேடம்... நான் ஒரு மெயில்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"எதுவும் சொல்லாத நெத்திலி. நீ சொன்னா, சொன்னான்னு நான் முசியே கிட்ட சொல்ல வேண்டி வரும்."

"மேடம், என் வேல..."

"போய் உன் எடத்துல உக்காரு."

அவ்வளவு முருங்கைக்காய் தின்ற மனுஷி என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் காலை முசியேவின் அறையில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். அம்மாவிடம் என்ன சொல்வது என்ற ஒரே யோசனை. மேடம் திரையை முசியே பக்கம் திருப்பி, புதுக் கம்பெனியின் முகவரியைத் தட்டினார். "ஆபீஸ்லேர்ந்து இந்த விலாசத்துக்கு வெளிய போன மெயில் எல்லாம் இதுல வரும் முசியே."

வந்தது. ஒரே ஒரு வரி. என் பெயர் இல்லை. பின்னால் இருந்த சுவரில் சாய்ந்துகொண்டேன்.

முசியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பே... தை. பேத்தை. கி ஸே? யார் இது?"

எல்லோருக்கும் திடீரென்று மேலே மின்விசிறியில் ஏதோ பார்க்க இருந்தது.

"மெஷின் பேர்தான் இதுல வரும் முசியே. யாரோடதுன்னு ஸ்டிக்கர் பாத்தா தெரியும்" என்றார் மேடம்.

முசியே எழுந்தார். அந்த வயதில் குனிந்து குனிந்து ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு போனார். "கெளுத்தி... நெத்திலி... சங்கரா..." என்று எழுத்துக்கூட்டிக்கொண்டே. நாங்கள் பின்னால் ஊர்வலமாகப் போனோம். ஜி.எம். மட்டும் ஊர்வலத்தில் இல்லை. முசியே கடைசியாக ஜி.எம். அறைக் கதவைத் தள்ளியபோது, உள்ளே அவர் மண்டியிட்டு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அது வராது. மேடம் ஒட்டினால் மேஜையை உடைத்தால்தான் வரும்.

எங்களை எல்லாம் வேட்டையாடக் கிளம்பிய மனிதர் தன் பயோடேட்டாவை, போட்டோவோடு, அனுப்பியிருக்கிறார். மேனேஜிங் டைரக்டர் வேலை கேட்டு.

மச்சானை வேலையை விட்டு நீக்கினால் வீட்டில் சோறு கிடைக்காது என்று முசியேவுக்குத் தெரியும். அதனால் மெழுகுவர்த்தி குடோனுக்கு மாற்றினார். பேக்கிங் சூப்பர்வைசரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். ஆபீஸில் அன்று திருவிழா.

கூட்டம் கலைந்ததும் நான் மேடத்திடம் ஓடினேன். கையெடுத்துக் கும்பிடாத குறை. "என் மெயில அழிச்சிட்டீங்க மேடம். இத நான் உசிரு இருக்கற வரைக்கும்..."

"நான் எதையும் அழிக்கல" என்றார் வெடுக்கென்று. அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், அத்தனை பட்ட பிறகும் மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

புதுக் கம்பெனியிலிருந்து எனக்குப் பதில் வரவே இல்லை. வேண்டாம் என்று ஒரு வரி போட்டால் என்ன கேடு இவர்களுக்கு என்று பல நாள் உள்ளுக்குள் குமைந்தேன். அப்புறம் ஜி.எம். இல்லாத ஆபீஸ் சுகமாக இருந்ததால் மறந்தேன். ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது.

பிறகு ஒரு நாள் மேடம் ராஜினாமா கொடுத்தார். எங்கே போகிறார் என்று கேட்டால், "எங்க அக்கா லியோன்ல இருக்கா தெரியுமில்ல?" என்றார். அக்கா பிரான்ஸில் இருந்தால் தங்கையும் பிரான்ஸ் போகிறாள் என்றுதானே அர்த்தம்? நாங்கள் எல்லோரும் சேர்ந்து பெரிய சூட்கேஸ், சக்கரம் வைத்தது, வாங்கிப் பரிசளித்தோம். கேக் மேல் 'பொன் வொயாஜ்' (இனிய பயணம்) என்று எழுதியிருந்தது. முசியே பிரெஞ்சில் பேசிக் கண் கலங்கினார். மேடம் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, சூட்கேஸை ஸ்கூட்டியின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அவர் போன மறுவாரமே ஜி.எம். குடோனிலிருந்து திரும்பினார், முசியேவின் சம்சாரம் சிபாரிசில். வந்த அன்றே பாலிசிக் கட்டைக் கிழித்துப்போட்டு, எல்லோரும் பாஸ்வேர்டைத் தன்னிடம் எழுதித் தர வேண்டும் என்றார். ஸ்டிக்கர் அன்று சுரண்ட வராத கடுப்பை எங்கள் மேல் காட்டினார். என் மேல் கொஞ்சம் கூடுதலாக. மேடத்தின் ஆள் என்று பெயர் எனக்கு. மாதம் முடிவதற்குள் என்னை ஒழித்துவிடுவார் என்று தெரிந்துபோனது. தூக்கம் போயிற்று.

அந்தச் சமயத்தில் அந்த போன் வந்தது. கடலூர் சாலைப் புதுக் கம்பெனி. "உங்க அப்ளிகேஷன் கெடச்சுது சார். நாளைக்கு இன்டர்வியூக்கு வர முடியுமா?"

"இப்பதான் கெடச்சுதா? நான் அனுப்பி ஒன்றரை வருஷம் ஆகுதே!"

"அப்படியா சார்? எங்களுக்கு இந்த மாசம்தான் வந்திருக்கு."

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேலை நாளில் அவ்வளவு பளிச்சென்று எங்கே போகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. கேசரி கிண்டி வைத்திருந்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்டர்வியூ அறைக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது பீரோ மேல் இருந்த சூட்கேஸ். சக்கரம் வைத்தது. அதன் வாயிலிருந்து நெட்வொர்க் வயர்கள் தொங்கின. மேஜைக்கு அந்தப் பக்கம் சிஸ்டம் மேடம், நெற்றிக்கு மேல் கண்ணாடியோடு.

"பிரான்ஸு?" என்றேன்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

இன்டர்வியூவே நடக்கவில்லை. ஒரு காகிதக் கட்டைத் தள்ளினார். "ஐ.டி. பாலிசி. படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு."

இந்தத் தடவை விட மாட்டேன் என்று முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம். அவர் கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்தார். நடுவில் ஒரு விதி வந்தது: ஆபீஸ் வேலை சாராத கோப்பு இணைத்த மெயில், அனுப்புகிறவரின் பொறுப்பாளர் சம்மதிக்கும்வரை வெளியே போகாமல் நிறுத்தி வைக்கப்படும்.

இரண்டாம் முறை படித்தேன்.

"மேடம், இது பழைய பாலிசிலயும் இருந்துதா?"

"அதே வரிதான். நீ கையெழுத்துப் போட்டது."

"அப்ப என் மெயிலு போகவே இல்லையா? ஒன்றரை வருஷம் நிறுத்தி வெச்சிருந்தீங்களா? ஏன் என் கிட்ட சொல்லல?"

"போச்சான்னு நீ கேட்டியா?"

எனக்கு அசல் கோபமே வந்தது. "ஒன்றரை வருஷம் மேடம்! இங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சு நெனச்சுக் குமைஞ்சேன்!"

"நான் என்ன பண்ண? ஜி.எம். பொறுப்பாளர் அவர் வீட்டம்மா, கேட்டதும் சரின்னாங்க, அவர் மெயிலு போச்சு. உன் பொறுப்பாளருக்கும் அன்னிக்கே போன் போட்டேன். அவங்க சம்மதிக்கல. நான் அங்க வேலைய விட்ட அன்னிக்குத்தான் சரின்னாங்க, அனுப்பிட்டு வந்தேன்." கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே, 'நான் இல்லாதபோது பொறுப்பாளர்' கோட்டில், அம்மாவின் பெயர். அம்மாவின் கையெழுத்து, கோணலாக, அழுத்தி.

"இது எப்ப?"

"நேத்து வந்திருந்தாங்க. முருங்கைக்காய் கொண்டாந்தாங்க."

"அன்னிக்கு ஏன் சம்மதிக்கல?"

"'புதுக் கம்பெனி, நம்பி எப்படி அனுப்பறது? அங்க தெரிஞ்சவங்க யாரும் இல்லியே'ன்னாங்க. 'தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா பாத்துக்கலாம்'னாங்க."

நான் அவரைப் பார்த்தேன். பீரோ மேல் இருந்த சூட்கேஸைப் பார்த்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப... எனக்காகவா மேடம் இங்க வந்தீங்க?"

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். வலது கன்னத்தில் குழி விழுந்தது.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்று பேனாவை என் பக்கம் தள்ளினார்.